கசியும் தண்ணீரை அடைக்காதீர்கள்

கேள்வி: எங்கள் நிலத்தில் ஓர் ஓடைக்குக் குறுக்கே 1974-இல் அப்பா கட்டிய மண் அணை இருக்கிறது. கரை 6 மீட்டர் உயரம், 90 மீட்டர் நீளம். நீர்ப்பரப்பு சுமார் 2 ஹெக்டேர், ஆழம் 5 மீட்டர். கரைக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய் போகிறது. அதன் வால்வு வெளிப்பக்க முனையில் இருக்கிறது; திறந்து எட்டு வருடம் ஆகிறது. குழாயைச் சுற்றி அப்பா கான்கிரீட் வளையங்கள் வைத்தார் என்று அம்மா சொல்வார். இரண்டு வருடங்களாக அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் ஈரம். இந்த வருடம் மழை இல்லாத மாதங்களிலும் காயவில்லை, மெல்லிய ஓட்டமாக வந்துகொண்டே இருக்கிறது. கரை முழுக்க மரங்கள். மிகுதி நீர் வழிந்து வெளியேறும் கலிங்கில் மீன் தப்பாமல் இருக்கக் கம்பி வலை போட்டிருக்கிறோம். சிமென்ட் வைத்துக் கசிவை அடைத்துவிடலாம், மரங்களை வேரோடு பிடுங்கிவிடலாம் என்கிறான் தம்பி. "ஐம்பது வருஷமா நிக்குது, ஒண்ணும் ஆகாது" என்பதும் அவன்தான். ஒரு கிலோமீட்டர் கீழே நாலு வீடுகளும் ஒரு சாலையும் இருக்கின்றன. அணைக்கு ஆயுள் முடிந்துவிட்டதா? நாங்கள் பயப்பட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் தம்பியைக் கூப்பிட்டு சிமென்ட் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கசிவு வெளியே வரும் வாயை அடைப்பதுபோல் ஒரு மண் அணைக்குக் கெடுதல் வேறில்லை. அதை எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். நான் ஆய்வுக்குப் போன சிறு அணைகள் பலவற்றில் இந்த சிமென்ட் பூச்சைப் பார்த்திருக்கிறேன். பூச்சிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிப் புதிதாக ஓர் ஈரம் கிளம்பியிருப்பதையும் கூடவே பார்த்திருக்கிறேன்.

எந்த மண் கரையும் தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை. நல்ல களிமண்ணை அடுக்கடுக்காக இடித்துக் கட்டிய கரைக்குள்ளும் தண்ணீர் மெதுவாக ஊறிக்கொண்டுதான் இருக்கும். 5 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் 5 டன் எடையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தம் வழிநெடுக மண்ணோடு உரசி உரசிக் குறைந்து, வெளிப்பக்க அடிவாரத்துக்கு வரும்போது பலமற்றுப் போயிருக்க வேண்டும். நீங்கள் வாயை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடாது. கரைக்குள் அதன் மட்டம் ஏறும். வெளிச்சரிவின் மண்ணை ஊறவைத்து இளக்கும், அல்லது வேறொரு பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். அந்த இடம் புதர் மறைவில், உங்கள் கண்ணில் படாத இடமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

தண்ணீர் போகட்டும், மண் போகக் கூடாது. உங்கள் கடிதத்தில் வரும் குழாய், மரம், கலிங்கு, வலை எல்லாவற்றையும் இந்த ஒரு கண்ணோடுதான் நான் பார்க்கிறேன்.

கசிவு நீர் வெளியே வரும் இடத்தில் நாலு மண்துகளைப் பெயர்த்துக்கொண்டு போகிறது என்று வையுங்கள். அங்கே ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியிலிருந்து நீர்த்தேக்கத்துக்குத் தூரம் கொஞ்சம் குறைந்துவிட்டது. தூரம் குறைந்ததும் நீரின் வேகம் கூடும், வேகம் கூடியதும் அடுத்த துகள்கள் பெயரும். இப்படியே வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு பொந்து வளர்ந்துகொண்டே போகும். பல வருடம் யாருக்கும் தெரியாமல் விரல் பருமனில் இருந்துவிட்டு, நீர்த்தேக்கத்தைத் தொட்டதும் மணிக்கணக்கில் கரையைத் தின்றுவிடும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 93 மீட்டர் உயர டீட்டன் அணையில், 1976 ஜூன் 5 அன்று காலை ஏழரை மணி வாக்கில் கலங்கிய கசிவைப் பார்த்தார்கள். பகல் 12 மணி ஆவதற்குள் கரை பிளந்துவிட்டது. அவ்வளவு பெரிய கரைக்கே அரை நாள்தான் கிடைத்தது.

உடைந்த மண் அணைகளின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதி அணைகள் கரைமேல் தண்ணீர் வழிந்ததால் போனவை. கிட்டத்தட்ட மறுபாதி இப்படி உள்ளுக்குள் அரித்துப் போனவை. சரிவு இறங்குவது, நிலநடுக்கம் போன்றவையெல்லாம் மிச்சமிருக்கும் சிறு பங்குதான். உங்கள் அணையில் இரண்டு பெரிய காரணங்களுக்கும் வாசல் திறந்திருக்கிறது. ஒன்று கசிவு, இன்னொன்று வலை கட்டிய கலிங்கு.

ஆயுள் முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மண்ணுக்கு வயதாவதில்லை. ஸ்பெயினில் மெரிடா நகருக்குப் பக்கத்தில் ரோமானியர் கட்டிய ப்ரோசெர்பினா அணை இன்னும் தண்ணீர் தேக்கி நிற்கிறது. டீட்டனோ முதல் தடவை நிரப்பும்போதே போய்விட்டது. ஆனால் கரைக்குள் நாம் வைத்த இரும்புக்கு வயதாகும், வால்வுக்கு வயதாகும், வேர்கள் வளரும், ஓடைக்கு மேலே நிலம் மாறும். ஐம்பது வருஷமாக நிற்கிறது என்று தம்பி சொல்வது அந்த ஐம்பது வருடத்துக்கு மட்டும் உண்மை. அவற்றில் முதல் நாற்பத்தெட்டு வருடம் இந்த ஈரம் இல்லை. அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

சரி, உங்கள் குழாய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்துவது அதுதான்.

வால்வு வெளிமுனையில் இருக்கிறது என்றால், மூடியிருக்கும் நேரமெல்லாம் குழாய் முழுக்கத் தண்ணீர், முழு அழுத்தத்தோடு, கரையின் வயிற்றுக்குள் நிற்கிறது என்று அர்த்தம். உள்பக்கம், அதாவது நீர்ப்பக்க முனையில் அடைப்பு இருந்தால், தேவையில்லாதபோது குழாய் காலியாக இருக்கும். உங்களுடையது ஐம்பது வருடமாக அழுத்தத்திலேயே இருக்கிறது. இரும்பில் ஊசித்துளை விழுந்தாலும், இணைப்பு ஒன்று விட்டுப்போனாலும், தண்ணீர் நேராகக் கரையின் நடுவுக்குள் பீய்ச்சும். நீர்ப்பக்கத்திலிருந்து ஊறிவரும் தண்ணீரைப் போல அதற்கு நீண்ட வழி இல்லை. துளை கரையின் நடுவில் என்றால், வெளியே வரப் பாதி தூரம்தான். வால்வைத் திறந்தாலோ கதை தலைகீழாகும். வேகமாக ஓடும் நீர் அதே துளை வழியே சுற்றியுள்ள மண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மூடினாலும் தொல்லை, திறந்தாலும் தொல்லை.

இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது கொலராடோவின் லான் லேக் அணை. மலைமேல் 3,300 மீட்டர் உயரத்தில் 1903-இல் கட்டியது. உயரம் 8 மீட்டர்தான், உங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. கரைக்குள் குழாயும் வால்வும் சேரும் இடத்தில் ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த ஈயம் காலப்போக்கில் கெட்டு, இணைப்பு கசிந்து, கசிவு மண்ணை அரித்தது. 1982 ஜூலை 15 அதிகாலையில் கரை உடைந்தது. மூன்று பேர் இறந்தார்கள். போவதற்கே சிரமமான இடம் என்பதால் அங்கே ஆய்வுகள் அபூர்வம். மழை இல்லை, வெள்ளம் இல்லை. ஓர் இணைப்பு கெட்டதுதான் காரணம்.

அப்பா வைத்த கான்கிரீட் வளையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அது முறையான வேலை. குழாயின் மேல்தோலை ஒட்டி ஓடும் தண்ணீருக்கு வழியை நீளமாக்கலாம் என்று பொறியாளர்களே வளையம் வைக்கச் சொன்னார்கள். உங்கள் அப்பா அக்கறையோடு கட்டியவர் என்பது அதிலேயே தெரிகிறது. ஆனால் வளையங்களுக்கு இடையே மண்ணை நன்றாக இடிக்க முடிவதில்லை என்பது பின்னால் புரிந்தது. இறுக வேண்டிய இடத்திலேயே மண் தளர்வாக நின்றுவிடுகிறது. அதனால் 1980களிலிருந்து வளையத்தை விட்டுவிட்டு, குழாயைச் சுற்றிச் சுத்தமான மணலால் ஒரு திரைச்சுவர் வைக்கும் முறை பரவியது. தண்ணீர் அந்த மணலுக்குள் புகுந்து அடியில் உள்ள வடிகால் வழியே வெளியேறும். மண்துகள் மணலில் சிக்கி நிற்கும். மணலின் இடுக்குகள் கரை மண்ணைப் பிடித்துவைக்கும் அளவுக்குச் சிறியதாகவும், தண்ணீரைத் தேக்காத அளவுக்குப் பெரியதாகவும் இருக்க வேண்டும். அதற்கான அளவு விதியை வகுத்துத் தந்தவர் மண் பொறியியலுக்கு அடித்தளம் போட்ட கார்ல் டெர்சாகி. ஒரு மண் அணைக்கு மனிதன் கண்டுபிடித்த மிகச் சிறந்த காவல் இந்த மணல் வடிகட்டிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நாளைக் காலை செய்ய வேண்டிய வேலை இது. நிறமில்லாத கண்ணாடி பாட்டில் ஒன்றில் கசிவு நீரைப் பிடியுங்கள். கீழே இருக்கும் சேற்றைக் கலக்கிவிடாமல், ஓடி வரும் நீரை மட்டும் பிடியுங்கள். தேதி எழுதி, அசையாத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் மண் போய்க்கொண்டிருக்கிறது. தெளிவாக இருந்தால் ஆறுதல்தான், ஆனால் முழு நிம்மதி இல்லை. அரிப்பு சில சமயம் விட்டுவிட்டு நடக்கும். ஒரு நாள் தெளிவு, மறுநாள் கலங்கல், மறுபடி தெளிவு என்று வரலாம். ஆகவே ஒரு பாட்டில் போதாது. வாரம் ஒன்று வேண்டும்.

அடுத்தது அளவு. ஈரம் பரவிக் கிடக்கும் இடத்துக்குக் கீழே சின்னதாக வாய்க்கால் எடுத்து, ஒரு குழாய்த் துண்டு வழியாக நீரை ஒரே இடத்தில் விழச் செய்யுங்கள். கரைச்சரிவையோ அடிவாரத்தையோ வெட்ட வேண்டாம், அதைத் தாண்டிச் சமதரையில் செய்யுங்கள். 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 50 விநாடி என்றால் ஒரு நாளைக்கு 17,280 லிட்டர். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், இந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அன்றைக்கு நீர்த்தேக்கத்தின் மட்டம் என்ன, கடைசியாக மழை எப்போது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். மட்டம் ஏறும்போது கசிவு ஏறுவது இயல்பு. அதே மட்டத்தில் போன மாதம் 50 விநாடி, இந்த மாதம் 35 விநாடி என்றால் உள்ளே வழி அகலமாகிக்கொண்டிருக்கிறது. மட்டம் இறங்கும்போது எந்த இடத்தில் கசிவு நின்றுபோகிறது என்பதையும் குறியுங்கள். தண்ணீர் எந்த உயரத்தில் கரைக்குள் நுழைகிறது என்பதற்கு அதைவிட நல்ல துப்பு எந்தக் கருவியும் தராது. நீர் எவ்வளவு இறங்கினாலும் நிற்காவிட்டால் குழாய்மேல் சந்தேகம் வலுக்கும்.

ஒரு சாதாரண நோட்டுப் போதும். உங்கள் அணையைப் பார்க்க வரும் பொறியாளருக்கு அந்த நோட்டைவிட மதிப்புள்ள எதையும் நீங்கள் தர முடியாது. நான் வந்து ஒரு நாள் பார்ப்பேன். நீங்கள் வருடம் முழுக்கப் பார்க்கிறீர்கள்.

பொறியாளரைக் கூப்பிடத்தான் வேண்டும். கடிதத்தை வைத்து உங்கள் அணை பத்திரம் என்றோ இல்லை என்றோ நான் சொல்ல மாட்டேன், யாரும் சொல்லக் கூடாது. வீடு கட்டுகிறவர் வேண்டாம். மண் அணை வேலை தெரிந்தவராகத் தேடுங்கள். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் குழாய்க்குள் தவழ்ந்து போகக் கூடாது, நீர்ப்பக்க வாயருகே முக்குளிக்கவும் கூடாது. கேமராவில் தெரிவதைப் பொறுத்து அவர் இரண்டில் ஒன்றைச் சொல்வார். பழைய குழாய்க்குள் சிறிய புதுக் குழாயைச் செருகி இடைவெளியை சிமென்ட் பாலால் நிரப்பலாம். அல்லது பழையதை முழுக்க நிரப்பி மூடிவிட்டு, கரைமேல் சைஃபன் குழாய் (கரையைத் தாண்டி வளைந்து, பம்ப் இல்லாமல் தானாக நீரை இழுத்து இறக்கும் குழாய்) போட்டுத் தண்ணீர் எடுக்கலாம். எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "வெளிப்பக்கத்தில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வருமா?" இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். புதுக் குழாய் உள்ளிருக்கும் கசிவை நிறுத்தும். பழைய குழாயின் வெளித்தோலை ஒட்டி ஏற்கெனவே ஒரு பாதை விழுந்திருந்தால் அது அப்படியே இருக்கும்.

மரங்களை வேரோடு பிடுங்க வேண்டாம். நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போது ஒரு பெரிய மரத்தைப் பிடுங்கினால், கரையிலிருந்து ஒரு வண்டி மண்ணைச் சேர்த்துத்தான் பிடுங்குவீர்கள். வேர் போன பொந்து கரைக்குள் நீண்டிருக்கும். வெட்டிவிட்டு அப்படியே விட்டாலும் சில வருடத்தில் வேர் மக்கி, அது இருந்த இடம் குழாயாகிவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் புயலில் சாயும்போது அதுவே மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாயும். ஆக, பெரிய மரங்களை நீர்மட்டத்தை இறக்கிய பிறகு, பொறியாளர் பக்கத்தில் இருக்க, அடிக்கட்டையையும் பெரிய வேர்களையும் தோண்டி எடுத்து, குழியை அதே வகை மண்ணால் அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். வெளிப்பக்கச் சரிவு என்றால் அங்கேயும் வடிகட்டி மணல் தேவைப்படலாம். புதரையும் மணிக்கட்டு அளவுக்குள் இருக்கும் கன்றுகளையும் இப்போதே தரையோடு வெட்டலாம், அதில் ஆபத்து இல்லை. கரையில் புல் மட்டும் இருக்கட்டும். புல் மண்ணைப் பிடிக்கும், மழை அரிப்பைத் தடுக்கும், முக்கியமாக, கரையை நம் கண்ணிலிருந்து மறைக்காது. எலி வளை, நண்டு வளை எல்லாம் புல்லை வெட்டிய மறுநாள்தான் தெரியும். அவற்றைக் குழைத்த மண்ணால் ஆழம் வரை நிரப்புங்கள், வாயை மட்டும் மூடாதீர்கள்.

கலிங்கில் இருக்கும் வலையை இன்றே எடுத்துவிடுங்கள். மீன் போனால் போகட்டும். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற பழைய மண் அணை ஒரு பொழுதுபோக்குச் சங்கத்தின் கைக்குப் போனது. வண்டிகள் போகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். அடியில் இருந்த வடிகுழாய்கள் அதற்கு முன்பே கழற்றப்பட்டிருந்தன, திரும்ப வைக்கப்படவில்லை. 1889 மே 31 அன்று பெருமழை வந்தபோது குப்பையும் கிளைகளும் தடுப்பை அடைத்தன. தண்ணீர் கரைமேல் ஏறியது. கீழே ஜான்ஸ்டவுன் நகரில் இறந்தவர்கள் 2,209 பேர். கரையைத் தாழ்த்தியது, கலிங்கை அடைத்தது, வடிகுழாய் இல்லாமல் விட்டது என்று ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் சின்ன விஷயமாகத்தான் தெரிந்திருக்கும். உங்களிடம் வலை இருக்கிறது, எட்டு வருடம் திறக்காத வால்வும் இருக்கிறது. மூன்றாவது விஷயத்தை நீங்களே அளந்து பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை வைத்து மேஸ்திரிகள் மட்டம் பார்ப்பார்களே, அதே முறையில் கரை உச்சியை 10 மீட்டருக்கு ஒரு இடம் பாருங்கள். கலிங்கின் தரையோடு ஒப்பிட்டு எழுதுங்கள். ஆட்கள் குறுக்கே நடக்கும் இடம், வண்டி ஏறும் இடம், குழாய்க்கு நேர் மேலே உள்ள இடம் ஆகியவை தாழ்ந்திருக்கும். வெள்ளத்தில் தண்ணீர் முதலில் ஏறுவது அந்தப் பள்ளத்தில்தான். நல்ல புல் மூடிய கரை சிறிது நேரம் வழிதலைத் தாங்கலாம். பாதையாகிப் புல் செத்த இடம் தாங்காது. குழாய்க்கு மேலே மட்டும் தனியாகப் பள்ளம் இருந்தால், அது நடைபாதைத் தேய்மானமா, உள்ளே மண் போனதால் இறங்கியதா என்று பொறியாளரிடம் அவசரமாகக் காட்டுங்கள்.

கலிங்கின் அகலத்தை 1974-இல் எந்த மழைக்குக் கணக்கிட்டார்கள் என்பதையும் அவர் பார்க்க வேண்டும். ஓடைக்கு மேலே அன்று காடோ வயலோ இருந்து, இன்று கூரையும் தார்ச்சாலையும் வந்திருந்தால், அதே மழைக்குத் தண்ணீர் கூடுதலாகவும் வேகமாகவும் வந்து சேரும். கலிங்கின் கான்கிரீட்டில் விரிசல் விட்டு இடுக்கில் செடி முளைத்திருந்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். இங்கிலாந்தில் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே 1830களில் கட்டிய டாட்புரூக் அணையில், 2019 ஆகஸ்ட் 1 அன்று கலிங்கின் கான்கிரீட் பலகைகள் உடைந்து அடியில் இருந்த கரை மண் அரித்துப்போனது. சுமார் 1,500 பேரை வெளியேற்றி, ஹெலிகாப்டரில் கற்சிப்பங்கள் கொண்டுவந்து கொட்டி அணையைக் காப்பாற்றினார்கள். அந்தக் கலிங்கின் வடிவமைப்பே சரியில்லை, பராமரிப்பும் விட்டுவிட்டுத்தான் நடந்தது என்று பின்னால் நடந்த ஆய்வு சொன்னது.

விரிசல் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் பார்த்துவிடுங்கள். வறண்ட காலத்தில் மேல்தோலில் வரும் வலை வலையான வெடிப்பு பெரிதல்ல. கரைக்குக் குறுக்கே, நீர்ப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை ஓடும் விரிசல் தண்ணீருக்குப் பாதை. கரை நீளத்துக்கு வில்போல் வளைந்து ஓடும் விரிசல், சரிவு இறங்கப் பார்க்கிறது என்பதற்கு அடையாளம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 இரவு ஒன்றரை மணிக்கு உடைந்து, கீழே ஒரு கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். நாலு வருடம் முன்பு எடுத்த ஒரு படத்திலேயே வெளிச்சரிவில் பெரிய மண்சரிவு தெரிந்தது. படம் எடுக்கப்பட்டிருந்தது, யாரும் அதை வைத்து எதையும் செய்யவில்லை.

பயப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், அந்த நாலு வீடுகளைப் பார்த்துத்தான். அணையின் நிலை வேறு, அது உடைந்தால் வரும் கேடு வேறு. நல்ல நிலையில் உள்ள அணைகூடக் கீழே மக்கள் இருந்தால் பேராபத்து வகையில்தான் சேரும். பரப்பை ஆழத்தால் பெருக்கி, அதில் 0.4 பங்கு எடுத்தால் சிறு தேக்கத்தின் கொள்ளளவு தோராயமாக வரும். உங்களுடையது 40,000 கன மீட்டர், 4 கோடி லிட்டர். ஒரு கிலோமீட்டர் என்பது அந்தத் தண்ணீருக்குச் சில நிமிடங்கள்தான். பெரிய அணைகளுக்கான சர்வதேச ஆணையம் பெரிய அணை என்று கணக்கில் எடுப்பது 15 மீட்டருக்கு மேல். 5 முதல் 15 மீட்டர் வரை என்றால் 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் தேக்குபவை. உங்களுடையதுபோன்ற அணைகள் பல நாடுகளில் கட்டாய ஆய்வுக்குள் வருவதில்லை. உங்கள் பகுதி நீர்வளத் துறையில் பதிவு உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றாலும், பொறுப்பு உங்கள் குடும்பத்துடையதே.

ஆகவே அந்த நாலு வீட்டுக்காரர்களிடமும் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். போன் எண்களை வாங்கிக்கொள்ளுங்கள், எந்த மேட்டுக்கு எந்தப் பாதையில் போவது என்று சேர்ந்தே முடிவு செய்யுங்கள். சாலையை மூட யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதிவையுங்கள். லான் லேக்கில் அதிகாலையில் குப்பை எடுக்க வந்த ஒருவர் இரைச்சலைக் கேட்டுப் போன் செய்ததால்தான் கீழே இருந்த பலர் நேரத்தோடு வெளியேறினார்கள். அதிர்ஷ்டத்தை நம்பாமல் நீங்கள் அதை ஏற்பாடாகச் செய்துவிடலாம்.

கசிவு கலங்கலாக வருவது, திடீரென அதிகமாவது, கரையில் குழி விழுவது, நீர்ப்பரப்பில் சுழி தெரிவது, அடிவாரம் உப்பி வெளியே தள்ளுவது: இவற்றில் எது கண்ணில் பட்டாலும் முதல் போன் அந்த வீடுகளுக்கு. இரண்டாவது அவசர உதவிக்கு. பிறகுதான் அணை. நிலைமை முற்றவில்லை, கரையும் அசையவில்லை என்றால் மட்டும் கசிவின் வாய்மேல் சுத்தமான மணலையும், அதன்மேல் சிறு ஜல்லியையும், அதன்மேல் பெரிய கல்லையும் கொட்டலாம். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், மண் நிற்கும். களிமண்ணோ பிளாஸ்டிக் தாளோ வேண்டாம். இதற்காக ஒரு வண்டி மணலையும் ஒரு வண்டி ஜல்லியையும் இப்போதே அடிவாரத்துக்குப் பக்கத்தில் கொட்டிவையுங்கள். குழி விழ ஆரம்பித்துவிட்டால் கரைமேலும் கீழும் யாரும் நிற்கக் கூடாது.

பொறியாளர் வரும்வரை நீர்மட்டத்தை 2 மீட்டராவது இறக்கி வையுங்கள் என்பது என் ஆலோசனை. எட்டு வருடம் திறக்காத வால்வைத் திருகாதீர்கள். திறந்த பிறகு மூடாமல் போகலாம், குழாய் உடையவும் செய்யலாம். கரைமேல் சைஃபன் குழாய் அல்லது பம்ப் போட்டு எடுங்கள். விடும் நீரைக் கரை அடிவாரத்தில் கொட்டாமல், ஓடைக்குள் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். உடைப்பு அபாயம் கண்ணெதிரே இல்லாதவரை நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம். வேகமாக இறக்கினால், ஊறிய உள்சரிவு மண்ணுக்கு இத்தனை நாள் அணைவாக இருந்த தண்ணீர் சட்டென்று விலகி, சரிவு நீருக்குள் வழுக்கிவிடும். அந்தக் கணக்கில் 2 மீட்டருக்கு ஏழு நாள் ஆகும். ஏழு நாளும் காலையில் மட்டத்தையும் வாளி நிரம்பிய விநாடிகளையும் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினால், நீர் எந்த உயரத்தில் உள்ளே நுழைகிறது என்பதை அடுத்த கடிதத்தில் இன்னும் குறிப்பாகப் பேசலாம்.